கோழிக்கூட்டுக் காற்றை யார் அளக்கிறார்கள்?

2022 டிசெம்பர் 9ஆம் திகதி நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டன. காற்று மாசடைந்திருக்கிறது, பிள்ளைகளை வெளியே விட வேண்டாம் என்று அரசாங்கம் அறிவித்தது. மண்டூஸ் சூறாவளியின் காற்றோட்டத்தோடு இந்தியப் பக்கத்திலிருந்து வந்த தூசு யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் மூடியிருந்தது. அந்த ஓரிரு நாட்களில் காற்றுத் தரச் சுட்டி என்ற சொல் எல்லோருடைய தொலைபேசியிலும் இருந்தது. எந்த நகரத்தில் எத்தனை புள்ளி, எத்தனை புள்ளிக்கு மேல் போனால் ஆபத்து என்று முன்பு கேள்விப்படாதவர்களும் கதைத்தார்கள். அதே நாட்களில் வீசிய குளிரிலும் காற்றிலும் வடக்கு கிழக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆடுமாடுகள் இறந்தன.

குளிருக்கும் மழைக்கும் பயந்து கோழிக்கூடுகளின் நான்கு பக்கத்தையும் படங்கால் இறுக்கி மூடுவதை வன்னியிலும் குடாநாட்டிலும் ஒவ்வொரு மாரியிலும் காணலாம். அப்படி மூடிய கூட்டுக்குள் விடியற்காலையில் தீனி வைக்கப் போகிற பெண் சுவாசிக்கும் காற்றுக்குச் சுட்டி எதுவும் கிடையாது. அதை அளக்கும் கருவி கிராமத்தில் இல்லை. அளக்க வேண்டியது யாருடைய பொறுப்பு என்பதும் தெளிவாக இல்லை.

கோழிப்பண்ணைக் காற்று பற்றிய பேச்சு எங்கள் ஊர்களில் எழும்போதெல்லாம் அது நாற்றம் பற்றிய முறைப்பாடாகவே எழுகிறது. ஒரு பக்கம் அயலவர், மறு பக்கம் பண்ணை வைத்திருக்கும் குடும்பம். ஒருவருடைய நிம்மதியா, மற்றவருடைய பிழைப்பா என்று பிரதேச சபையிலும் மத்தியஸ்த சபையிலும் வழக்குப் பேசப்படுகிறது. வேலிக்கு அப்பால் மணக்கும் அந்தக் காற்றைப் பல மடங்கு செறிவாக, ஒவ்வொரு நாளும் முதலில் சுவாசிப்பவர் கோழி வளர்ப்பவர் என்பது இந்த வழக்குகளில் காணாமற் போகிறது. இரு பக்கத்துக்கும் தீங்கு செய்வது ஒரே காரணம்தான் என்பதும் காணாமற் போகிறது.

கோழி எப்படி உதவிப் பொருளானது

2009 மே மாதத்துக்குப் பிறகு முகாம்களிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்ட வாழ்வாதார உதவிகளில் கோழிக்கு எப்போதும் ஓர் இடம் இருந்தது. ஆடு, மாடு, தையல் இயந்திரம், துவிச்சக்கர வண்டி, கோழிக்குஞ்சு என்று உதவிப் பட்டியல் நீண்டது. அரச திணைக்களங்கள், சர்வதேச நிறுவனங்கள், உள்ளூர் அமைப்புகள், புலம்பெயர்ந்த உறவுகளின் ஊர்ச் சங்கங்கள் என எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் கோழி கொடுத்திருக்கிறார்கள்.

அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. கோழி வளர்க்க வயல் தேவையில்லை. காணி உறுதி இல்லாதவரும் வளவின் மூலையில் ஒரு கூடு அடிக்கலாம். கணவனை இழந்த, அல்லது கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண், சிறு பிள்ளைகளையும் வயது போன தாயையும் தனியே விட்டுவிட்டுக் கூலி வேலைக்குப் போகத் தேவையில்லை. காலை இழந்த ஒருவர் இருந்த இடத்திலேயே செய்யக்கூடிய வேலை அது. இறைச்சிக் கோழி என்றால் ஆறு வாரத்தில் காசு கையில் வரும். நுண்கடன் தவணைக்காரர் கிழமைதோறும் படலையில் நிற்கும் வீட்டில் ஆறு வாரம் என்பது பெரிய விடயம்.

முதலில் கொடுக்கப்பட்டவை பெரும்பாலும் பத்து, இருபது ஊர்க்கோழிகள். அவை பகலில் வளவெல்லாம் மேய்ந்துவிட்டு இரவில் மட்டும் கூட்டுக்குள் அடைந்தன. அவற்றின் எச்சம் வெயிலில் காய்ந்து மண்ணோடு போனது. அந்த வளர்ப்பில் காற்றுப் பிரச்சினை என்று பெரிதாக எதுவும் இல்லை. இதை வைத்து வீட்டுச் செலவைத் தள்ளலாமே தவிர, பிள்ளையின் படிப்புச் செலவைப் பார்க்க முடியாது. ஆகவே முடிந்தவர்கள் இருநூறு, ஐந்நூறு, ஆயிரம் என்று இறைச்சிக் கோழிக்கும் முட்டைக் கோழிக்கும் மாறினார்கள். எண்ணிக்கை கூடியபோது கோழி மேய்வது நின்றது. பிறந்த நாளிலிருந்து விற்கும் நாள்வரை அது ஒரே கூரையின் கீழ், ஒரே உமியின் மேல் நிற்கிறது. வளர்ப்பு முறை முற்றாக மாறிவிட்டது. பல இடங்களில் கூடு மட்டும் பழைய கூட்டின் நீட்சியாகவே இருக்கிறது.

இலங்கையின் பெரிய கோழிப்பண்ணைகள் குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களைச் சுற்றியே இருக்கின்றன. அங்கே புதிதாகக் கட்டப்படும் மூடிய கூடங்களில் ஒரு முனையில் நீர் ஊறும் பட்டைகளும் மறு முனையில் பெரிய மின்விசிறிகளும் உண்டு. உள்ளே வெப்பநிலையையும் காற்றோட்டத்தையும் ஓர் இயந்திரம் கவனிக்கிறது. மின்சாரம் நின்றால் மின்பிறப்பாக்கி இயங்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு வந்தபோது இந்தக் கூடங்களை இயக்குவதே பெரும் செலவானது. முதல் போட்டவர்கள் காற்றை ஒரு செலவாகக் கணக்கெடுக்கிறார்கள். வன்னியின் சிறு கூட்டில் காற்று இலவசமாகக் கிடைக்கும் பொருள் என்ற நினைப்பில் கணக்கில் எடுக்கப்படுவதே இல்லை.

உமிக்குள் நடப்பது

ஐந்நூறு இறைச்சிக் கோழி வளர்க்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கோழி விற்பனை எடைக்கு வருமுன் ஏறத்தாழ மூன்றரைக் கிலோ தீனி தின்னும். அதைப்போல இரு மடங்கு நீர் குடிக்கும். ஐந்நூறு கோழிக்குக் கணக்குப் பார்த்தால் 1,750 கிலோ தீனி, 3,500 லீற்றர் நீர். இந்த நீரில் கோழியின் உடலில் தங்குவது சிறு பகுதி. மற்றது எச்சமாக உமியிலும், மூச்சாகக் கூட்டுக்குள் இருக்கும் காற்றிலும் வந்து சேர்கிறது. ஆறு வாரத்தில் இரண்டு, மூன்று ஆயிரம் லீற்றர் நீரைக் கூட்டிலிருந்து வெளியேற்றும் வேலையைக் காற்று செய்தாக வேண்டும். காற்றோட்டம் இல்லையென்றால் நீர் உமியில் நிற்கும்.

தீனியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புரதம். அதில் கோழி பயன்படுத்தாத நைதரசனை யூரிக் அமிலமாக வெளியேற்றுகிறது. எச்சத்தின் மேல் வெள்ளையாகத் தெரிவது அதுதான். உமியில் இருக்கும் பற்றீரியாக்கள் அந்த யூரிக் அமிலத்தை உடைக்கும்போது அமோனியா வாயு பிறக்கிறது. உமி ஈரமாக இருந்தால், சூடாக இருந்தால், அதன் காரத்தன்மை கூடினால் இந்த வேலை வேகமாக நடக்கும். உமியின் ஈரம் நூற்றுக்கு 25 வரை இருந்தால் நிலைமை கட்டுக்குள் இருக்கும். 35 அளவுக்குப் போனால் உமி கட்டிபட்டு, மேலே தோல் போலப் படிந்து, உள்ளே அழுகத் தொடங்கும்.

அமோனியாவோடு தூசும் சேர்கிறது. இறகுத் துணுக்கு, தோல் செதில், தீனித் தூள், காய்ந்த எச்சம், பூஞ்சண வித்துகள், இறந்த பற்றீரியாக்களின் சுவரிலிருந்து உதிரும் நச்சுத் துகள்கள் எல்லாம் கலந்த தூசு இது. இதில் பெரிய துகள்கள் மூக்கில் தங்கும். நுண்ணியவை நுரையீரலின் அடிவரை போகும். அமோனியா நீரில் உடனே கரையும் வாயு என்பதால் தனியாக வந்தால் கண்ணையும் மூக்கையும் தொண்டையையும்தான் முதலில் தாக்கும். தூசோடு ஒட்டிக்கொண்டால் அதுவும் ஆழமாக இறங்கும்.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், பத்து மணித்தியாலம்வரையான வேலை நாளுக்குச் சராசரியாக 25 பிபிஎம், அதாவது பத்து இலட்சம் பங்கு காற்றில் 25 பங்கு அமோனியாவுக்கு மேல் ஒரு தொழிலாளி சுவாசிக்கக் கூடாது என்கிறது. ஆனால் கோழிப்பண்ணைத் தொழிலாளர்களின் நுரையீரலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த கெல்லி டொன்ஹாமும் சக ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் 12 பிபிஎம் என்ற எல்லையையே பரிந்துரைத்தார்கள். கோழிக்கூட்டில் அமோனியா ஒருபோதும் தனியாக வருவதில்லை, தூசோடு சேரும்போது இரண்டின் தீங்கும் கூடுகிறது என்பதே இதற்குப் பின்னாலுள்ள விளக்கம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2007ஆம் ஆண்டின் பணிப்புரையில், நெருக்கமாகக் கோழி வளர்க்கும் பண்ணைகளில் அமோனியா 20 பிபிஎம்மையும் காபனீரொட்சைட்டு 3,000 பிபிஎம்மையும் தாண்டக் கூடாது என்று விதித்தது. அதை எங்கே அளக்க வேண்டும் என்பதையும் அந்தப் பணிப்புரை சொல்கிறது: கோழியின் தலை இருக்கும் உயரத்தில். நின்றுகொண்டு மூக்கால் பார்ப்பவருக்குத் தெரியாதது அந்த உயரத்தில் தெரியும். வாயு உமியிலிருந்தே எழுகிறது. அங்கே குனிந்து தீனித் தட்டைக் கழுவுகிறவருடைய முகமும் அந்த உயரத்திலேயே இருக்கிறது.

மூக்கு ஏமாற்றும்

கூட்டுக்குள் முதன்முதலாக நுழைபவருக்கு 10 பிபிஎம் அளவிலேயே மணம் தெரிந்துவிடும். ஒவ்வொரு நாளும் அதற்குள் வேலை செய்பவருடைய மூக்கு பழகிப் போகும். அளவு 50ஐத் தொட்டாலும் அவருக்குப் பெரிதாகத் தெரியாமல் போகலாம். அயலவர் நாற்றம் என்று சத்தம் போட, வீட்டுக்காரர் எங்களுக்கு ஒன்றும் மணக்கவில்லையே என்று சொல்வது பல சண்டைகளின் தொடக்கம். இருவரும் பொய் சொல்வதில்லை.

மணமே இல்லாத ஆபத்தும் உண்டு. குஞ்சு இறக்கிய முதல் இரண்டு வாரம் அவற்றுக்குச் சூடு வேண்டும். மின்குமிழ் போட வழியில்லாத இடத்தில், அல்லது மின்வெட்டு நேரத்தில், கரிச்சட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். நான்கு பக்கமும் படங்கு இறக்கிய கூட்டுக்குள் கரி எரியும்போது காபனோரொட்சைட்டு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடியும் மயக்கமும்தான் அடையாளம். குஞ்சுகளுக்குக் காவலாகக் கூட்டுக்குள்ளேயே படுத்துறங்குவது உயிராபத்து.

சுண்ணாம்பு பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. நாற்றம் வந்தால் ஈர உமியின் மேல் சுண்ணாம்பு தூவும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. சுண்ணாம்பு உமியின் காரத்தன்மையைக் கூட்டும். காரத்தன்மை கூடினால் உமிக்குள் கட்டுப்பட்டிருந்த அமோனியாவும் வாயுவாக வெளியே வரும். கோழியை விற்று, உமியை முழுவதும் அள்ளிய பிறகு நிலத்துக்குச் சுண்ணாம்பு பூசுவது நல்ல பழக்கம். கோழி நிற்கும்போது ஈர உமியில் தூவுவது கெடுதலையே கூட்டும். அமெரிக்கப் பண்ணைகளில் இதற்கு நேர்மாறாக, காரத்தைக் குறைக்கும் அலுமினியம் சல்பேற்றை உமியில் கலக்கிறார்கள்.

படங்கும் மாரியும்

வெயில் காலத்தில் வடக்கின் திறந்த கூடுகளில் காற்று தானாகவே ஓடுகிறது. அப்போது பிரச்சினை வெக்கையும் தூசும். ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிறது. மேற்கூரை குறுகலாக இருப்பதால் சாரல் உள்ளே அடிக்கிறது. நிலம் உயர்த்தப்படாததால் கீழிருந்து ஈரம் ஏறுகிறது. தண்ணீர்ப் பாத்திரம் சிந்துகிறது. நனையாமல் காப்பாற்ற ஒரே வழியாகக் கையில் இருப்பது படங்கும் உரப்பையும்தான்.

வன்னியில் படங்கு என்பது வெறும் பொருள் அல்ல. 2009இல் மெனிக்பாமில் அதன் கீழேதான் இலட்சக்கணக்கானோர் இருந்தோம். 2012 செப்டெம்பரில் அந்த முகாம் மூடப்பட்ட பிறகும், மீள்குடியேறிய காணிகளில் முதல் வீடு அதுவாகவே இருந்தது. மத்தியான வெயிலில் அதற்குள் மூச்சு முட்டியதும், மழை நாளில் உள்ளே இருந்த ஆட்களின் மூச்சே நீராகி மேலிருந்து சொட்டியதும் மறந்திருக்காது. கோழிக்கூட்டுக்குள் நடப்பதும் அதுதான். மூச்சின் ஈரம் வெளியேற வழியின்றிப் படங்கில் பட்டு, திரும்ப உமியில் விழுகிறது. ஈரத்தைத் தடுக்கப் போட்ட படங்கே ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. இரவு முழுவதும் சேர்ந்த அமோனியா காலையில் கூட்டைத் திறப்பவருடைய முகத்தில் அடிக்கிறது.

கோழிக்கும் இது கேடு. மூச்சுக்குழாயில் தூசைத் தள்ளி வெளியேற்றும் நுண்மயிர்கள் அமோனியாவில் செயலிழக்கின்றன. கண் வீங்குகிறது, தீனி குறைகிறது, எடை ஏறுவது தாமதமாகிறது, இராணிக்கெட் போன்ற சுவாச நோய்கள் இலகுவாகத் தொற்றுகின்றன. மாரியில் வளர்த்த தொகுதி நட்டத்தில் முடிந்தால் காலநிலையையும் குஞ்சின் தரத்தையும் குறை சொல்கிறோம். நட்டத்தின் ஒரு பகுதி காற்றில் போயிருக்கும்.

யாருடைய நெஞ்சு

கூட்டு வேலையைச் செய்வது பெரும்பாலும் பெண்கள். உதவிக்கு நிற்பது பாடசாலை விட்டு வந்த பிள்ளைகள். தீனி வைப்பதைவிட ஆபத்தான வேலை, தொகுதி விற்ற பிறகு உமியை அள்ளிச் சாக்கில் கட்டுவது. அன்றுதான் தூசு மிக அதிகம். கோழி எருவுக்கு மிளகாய், வெங்காயச் செய்கையாளரிடம் நல்ல விலை உண்டு என்பதால் அந்த வேலையைத் தள்ளிப்போடவும் முடியாது. அன்று மாலை உடம்பு உழைந்து, காய்ச்சல் காய்ந்து, நெஞ்சு இறுகி, மறுநாள் தணிந்தால் அது தூசினால் வரும் காய்ச்சலாக இருக்கக்கூடும். நாங்கள் அதை மழைக் காய்ச்சல் என்று நினைத்துப் பரசிட்டமோல் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறோம்.

இந்தச் சமூகத்தின் நெஞ்சு ஏற்கெனவே பல சுமைகளைத் தாங்குவது. செல் துண்டு நெஞ்சுக்குள்ளேயே தங்கிவிட, அதோடு வாழ்பவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். ஒரு பக்க நுரையீரல் காயப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பதுங்குகுழியிலும் முகாமிலும் வந்த சளி மாறாமலே நாட்பட்ட வருத்தமாகிப் போனவர்கள் இருக்கிறார்கள். இதற்கு மேல் விறகடுப்புப் புகை. சுகதேகியான ஒருவரை உத்தேசித்து எழுதப்பட்ட 25 என்ற எல்லை இவர்களுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் வாழ்வாதார உதவிக்கான விண்ணப்பப் படிவத்தில் பயனாளியின் காயம் ஒரு தகுதியாகப் பதியப்படுகிறதே தவிர, எந்தத் தொழில் அவருக்கு ஒத்துவரும் என்று தீர்மானிக்கும் தகவலாகப் பார்க்கப்படுவது அரிது. மாற்றுத்திறனாளிக்கு இருந்த இடத்திலேயே தொழில் கொடுத்தோம் என்ற திருப்தியில் அவருடைய சுவாசம் கேட்கப்படாமல் போகிறது.

வைத்தியசாலையிலும் முட்டு, இழுப்பு என்று போகும் பெண்ணிடம் தொழில் என்ன என்று கேட்டால் வீட்டுப் பணி என்றே பதிவாகும். கோழி வளர்ப்பதை அவரே தொழிலாகச் சொல்வதில்லை. இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய கேள்வி போதும்: கூடு வெறுமையாக இருக்கும் இரண்டு வாரத்தில் இருமல் குறைகிறதா, புதுக் குஞ்சு இறக்கியதும் திரும்ப வருகிறதா? ஆம் என்றால் வைத்தியர் கூட்டுக் காற்றையும் சந்தேகிக்க வேண்டும். அதை வைத்தியர் கேட்காவிட்டால் நாங்களே சொல்ல வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் கோழி வளர்ப்பவர் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். அதாவது சட்டம் கோழிகளை எண்ணுகிறது. அந்த எண்ணிக்கைக்குக் குறைவான கூட்டில் உமி எவ்வளவு ஈரமாக இருந்தாலும் அது அனுமதிப்பத்திர முறைக்கு வெளியேதான்.

அயலவருக்கு வழிகள் உண்டு. பொதுச் சுகாதார பரிசோதகரிடம் முறையிடலாம், பிரதேச சபைக்கு எழுதலாம், மத்தியஸ்த சபைக்குப் போகலாம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி, மக்களின் சுகாதாரத்துக்கோ வசதிக்கோ கேடான தொழிலை நிறுத்தவோ அகற்றவோ நீதவான் கட்டளையிடலாம். இவை தேவையான பாதுகாப்புகள். பரப்புக் கணக்கில் காணி பிரிந்து, வேலியோடு வேலி ஒட்டிய யாழ்ப்பாணத்துக் குடியிருப்புகளில் ஒரு வீட்டின் கூடு மறு வீட்டின் சமையலறை யன்னலுக்கு நேரே இருக்கும். கிணறும் பக்கத்திலேயே இருக்கும். சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில் நைத்திரேற்று ஏற்கெனவே கூடியிருக்கும் குடாநாட்டில், மழையில் கரையும் கோழி எருவும் அதோடு சேரும். அயலவரின் பயம் வீண் பயம் அல்ல.

ஆனால் இந்த வழிகள் எல்லாம் அகற்று, அகற்றாதே என்ற இரண்டு முடிவுகளை நோக்கியே போகின்றன. நாற்றத்துக்கு ஓர் எண் இல்லாதபோது, முறைப்பாட்டின் பலம் முறையிடுபவரின் செல்வாக்கைப் பொறுத்ததாகிவிடும். இலங்கையின் சூழற் காற்றுத் தர நியமங்கள் 1994இல் வெளியிடப்பட்டு 2008இல் திருத்தப்பட்டன. அவற்றில் தூசுத் துகள், கந்தகவீரொட்சைட்டு, நைதரசனீரொட்சைட்டு, ஓசோன், காபனோரொட்சைட்டு ஆகியவை உண்டு, அமோனியா இல்லை. இந்தியா 2009இல் வெளியிட்ட பட்டியலில் அமோனியாவும் இருக்கிறது.

தொழில் செய்பவருக்கோ இந்த வழிகளும் கிடையாது. வேலைத்தலப் பாதுகாப்புக்கு நாங்கள் இன்னமும் நம்பியிருப்பது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். வளவு மூலையில் இருக்கும் கூடு தொழிற்சாலை அல்ல. அதில் வேலை செய்யும் பெண் தொழிலாளியும் அல்ல. குஞ்சும் தீனியும் கடனாகக் கொடுத்து, வளர்ந்த கோழியைத் திருப்பி வாங்கும் ஒப்பந்த முறையில் அவர் வளர்த்தாலும், கூடும் காற்றும் நெஞ்சும் அவருடைய பொறுப்பு. எடை மட்டும் வாங்குபவரின் கணக்கு.

மாற்றக்கூடியவை

இதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை என்பதே நல்ல செய்தி. கூட்டின் நீளம் கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். நிலத்தை ஓர் அடியாவது உயர்த்த வேண்டும். பக்கச் சுவர் ஓர் அடி, ஒன்றரை அடியோடு நின்று, அதற்கு மேல் கம்பி வலையாக இருக்க வேண்டும். கூரை பக்கங்களில் மூன்று அடி வெளியே நீண்டால் சாரலில் பெரும்பகுதி உள்ளே வராது. படங்கின் தேவையே குறையும். படங்கு போட்டே ஆக வேண்டிய நாளிலும் மேலே ஓர் அடி திறந்திருக்க வேண்டும். குளிர் கீழே கோழியில் படாமலும், ஈரமும் வாயுவும் மேலே வெளியேறவும் அது போதும். அதற்காகப் படங்கை மேலிருந்து தொங்கவிடாமல், கீழே பொருத்தி மேல்நோக்கி இழுத்துக் கட்ட வேண்டும்.

உமியை ஒவ்வொரு நாளும் கிளற வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பார்த்தால் அதன் நிலை தெரியும். உருண்டையாக நின்றால் ஈரம் கூட. கை திறந்ததும் மெல்ல உடைந்தால் சரி. தூளாகப் பறந்தால் மிகக் காய்ந்துவிட்டது. தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி நனைந்த உமியை அன்றன்றே அகற்றி உலர்ந்ததைப் போட வேண்டும். ஒரு கோழிக்கு ஒரு சதுர அடிக்குக் குறையாமல் இடம் விட வேண்டும். காலையில் படங்கை விலக்கிக் கொஞ்ச நேரம் வெளியே நின்ற பிறகே உள்ளே போக வேண்டும். உமி அள்ளும் நாளில் தூசைத் தடுக்கும் முகக்கவசம் போட வேண்டும். ஆனால் துணி முகக்கவசமும் சாதாரண தூசுக் கவசமும் அமோனியாவைத் தடுக்காது என்பதைத் தெரிந்திருக்க வேண்டும். முட்டு வருத்தம் உள்ளவரும் பிள்ளைகளும் அன்று கூட்டுக்குக் கிட்டப் போகக் கூடாது.

இவற்றில் சில வளர்ப்பவர் கையில் இருக்கின்றன. கூரையின் நீளமும் நிலத்தின் உயரமும் முதல் நாளே தீர்மானிக்கப்படுபவை. அவை உதவி கொடுப்பவர் கையில் இருக்கின்றன. இருநூறு குஞ்சுக்கும் ஒரு படங்குக்கும் காசு கொடுக்கும் திட்டம், நூற்றைம்பது குஞ்சுக்கும் மூன்று அடி கூடுதலான கூரைக்கும் கொடுத்தால் அந்தக் குடும்பம் அடுத்த மாரியையும் தாண்டும். புலம்பெயர் உறவுகள் ஊருக்கு அனுப்பும் பணத்தில் கோழித் திட்டம் ஒன்று இருந்தால், குஞ்சின் எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன் கூட்டின் வரைபடத்தைக் கேட்கலாம். பயனாளியின் நெஞ்சு நிலையையும் கேட்கலாம். தேவைப்பட்டால் வேறு தொழிலை யோசிக்கலாம்.

அமோனியா அளக்கும் கையடக்கக் கருவியும், நிறம் மாறும் சோதனைக் குழாய்களும் உலகில் சாதாரணமாக விற்கப்படுபவை. பிரதேசத்துக்கு ஒன்றை அரச கால்நடை வைத்தியர் பணிமனையில் வைத்து, முறைப்பாடு வரும்போது பொதுச் சுகாதார பரிசோதகரும் கால்நடை வைத்தியரும் சேர்ந்து போய் வேலியடியிலும் கூட்டுக்குள்ளேயும் அளந்தால் வழக்கின் தன்மையே மாறும். மூடு என்ற கட்டளைக்கு முன், இந்த அளவுக்குக் கொண்டு வா, இத்தனை வாரம் தருகிறோம், இப்படிச் செய் என்று சொல்ல முடியும். அயலவருக்கும் தன் முறைப்பாடு வெறும் பொறாமை என்று தள்ளப்படவில்லை என்ற நம்பிக்கை வரும். வடக்கு மாகாண சபை இயங்காத நிலையிலும் விவசாய, கால்நடை, சுகாதாரத் திணைக்களங்கள் இயங்குகின்றன. இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

அடுத்த மாரிக்கு முன் கருவி வராது. அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. கூட்டுக்குள் வேலை செய்யாத ஒருவர், காலையில் படங்கு விலக்குவதற்கு முன் உள்ளே போய், கோழியின் தலை உயரத்துக்குக் குந்தி, ஒரு நிமிடத்துக்கும் குறைவாகச் சாதாரணமாக மூச்சு எடுத்துப் பார்க்கட்டும். முட்டு வருத்தம் உள்ளவர் வேண்டாம். கரிச்சட்டி எரிந்த கூடென்றால் யாருமே வேண்டாம். கண் எரிந்தால், தொண்டை கரகரத்தால், அந்தக் கூட்டின் காற்று கோழிக்கும் அதை வளர்ப்பவருக்கும் கெட்டுவிட்டது. அன்றைக்கே படங்கின் மேல் ஓர் அடியைத் திறந்து, ஈர உமியை அள்ள வேண்டும்.